புத்தகம் உண்டு, உத்தியோகம் இல்லை: மட்டக்களப்பு, அம்பாறையில் பதிப்புத் தொழில்

பதிப்புத் துறையில் வேலைகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்ற பேச்சு கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக நிற்பவை பெரும்பாலும் அமெரிக்காவின் இலக்கங்கள். அங்கே 1990 இல் பத்திரிகை வெளியீட்டில் ஏறத்தாழ 458,000 பேர் வேலை பார்த்தார்கள். 2016 இல் அது 183,000 அளவுக்கு வந்துவிட்டது. புத்தகம், சஞ்சிகை வெளியீட்டிலும் ஆட்குறைப்புத்தான், ஆனால் அவ்வளவு வேகமாக அல்ல. அதே காலத்தில் இணைய வெளியீடும் இணைய ஒலிபரப்பும் சேர்ந்த பிரிவில் 30,000 அளவில் இருந்த வேலைகள் 198,000 அளவுக்கு ஏறின. தாளில் போன வேலையில் ஒரு பகுதியாவது திரையில் திரும்பி வந்தது என்று அமெரிக்கர் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து இதைப் படிப்பவருக்கு வேறொரு கேள்வி எழ வேண்டும்: இங்கே அழிவதற்கு எந்த வேலை இருந்தது? நூல் வெளியீட்டு விழா இல்லாத மாதம் இங்கே அரிது. கவிதைத் தொகுதி, ஊர் வரலாறு, ஆய்வு நூல், சிறுவர் பாடல், ஆலயக் கும்பாபிஷேக மலர் என்று அச்சேறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஒரு வெளியீட்டு நிறுவனத்தில் பதிப்பாசிரியராக, படி திருத்துநராக, விற்பனை முகாமையாளராக மாதச் சம்பளம் வாங்குபவரை மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். புத்தகம் பெருகியிருக்கிறது; பதிப்பாளர் என்ற உத்தியோகம் உருவாகவேயில்லை. இந்த முரணுக்குக் காரணம் வாசிப்பு குறைந்தது என்பதல்ல. இந்தக் கரையோரத்தில் பதிப்பு எப்போதும் வேறொரு சம்பளத்தில் தங்கியே நடந்திருக்கிறது.

புள்ளிவிவரத்தில் இது ஏன் தென்படுவதில்லை என்பதை முதலில் பார்க்கலாம். தொழில்களை வகைப்படுத்தச் சர்வதேசத் தரமொன்று உண்டு. அதன் மூன்றாவது திருத்தம் வரை வெளியீடும் அச்சும் ஒரே பிரிவில், 22 என்ற இலக்கத்தில், உற்பத்தித் தொழிலுக்குள் இருந்தன. 2008 இல் வந்த நான்காவது திருத்தம் இரண்டையும் பிரித்தது. அச்சு 18 ஆம் பிரிவாக உற்பத்தியிலேயே நின்றது. வெளியீடு 58 ஆம் பிரிவாகி, தகவல் தொடர்பு என்ற பகுதிக்குப் போனது. இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிவரத் திணைக்களமும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகிறது. கொழும்பில் இந்தப் பிரிப்புக்குப் பொருள் உண்டு. அங்கே பத்திரிகை நிறுவனம் வேறு, அதற்கு வெளியே அச்சிட்டுக் கொடுப்பவர் வேறு. நம் ஊரில் நூலை வெளியிடுபவர் தொழிற்படை அளவீட்டின் உத்தியோகத்தரிடம் தம் பிரதான தொழிலைச் சொல்லும்போது ‘ஆசிரியர்’ என்றோ ‘முகாமைத்துவ உதவியாளர்’ என்றோதான் சொல்வார். அவர் கல்வித் துறையின் கணக்கிலோ அரச நிர்வாகத்தின் கணக்கிலோ ஏறிவிடுகிறார். அச்சகத்துக்காரர் உற்பத்தித் துறையில் ஏறுகிறார். வெளியீட்டுப் பிரிவுக்கு ஆளே மிஞ்சுவதில்லை.

சட்டமும் இதே கண்ணால்தான் பார்க்கிறது. 1885 ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், அச்சிடப்பட்ட நூலின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டிய கடமை அச்சகத்தாருடையது. பிரித்தானிய ஆட்சிக்கு வேண்டியிருந்தது இயந்திரம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற தகவல். புத்தகத்தை யார் செம்மை செய்தார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

பதிப்போடு தொடர்புடைய வேலை என்று மட்டக்களப்பு மாவட்டம் பெருமளவில் கண்டது புத்தகத்தில் அல்ல, தாளில்தான். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மூன்று பெரிய ஆலைகளுக்கு வித்திடப்பட்டது. காங்கேசன்துறைக்குச் சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் காகிதம். வாழைச்சேனை ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் வைக்கோல். சுற்றிலும் வயல், அறுவடை முடிந்தால் எரித்தோ மாட்டுக்குப் போட்டோ தீர்க்கும் பொருளுக்கு ஆலை விலை கொடுத்தது. ஆகவே ஆலைக்குள் நின்ற தொழிலாளரோடு வேலை முடிந்துவிடவில்லை. வைக்கோலைக் கட்டுபவர், வண்டியிலும் லொறியிலும் ஏற்றுபவர், வாசலில் நிறுப்பவர், விடுதிகளையும் கடைகளையும் நம்பியவர் என்று ஒரு சிற்றூரே அதைச் சுற்றி எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சோறு உண்டன. மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு என்று ஒழுங்கான தொழில் வாழ்க்கை என்ன என்பதை விவசாய மாவட்டமொன்றுக்குக் காட்டிய இடங்களில் அது முதன்மையானது.

ஆலை நொடித்ததற்கு இணையமோ கைப்பேசியோ காரணமல்ல. 1977 க்குப் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தில் இறக்குமதித் தாளோடு விலையில் போட்டியிட வேண்டி வந்தது; இயந்திரங்கள் முதுமையடைந்தன; போர் வந்து போக்குவரத்தையும் மின்சாரத்தையும் ஆட்களையும் ஒருசேரக் குலைத்தது. அதை மீண்டும் இயக்கும் முயற்சிகள் ஒன்றுக்கு மேல் நடந்திருக்கின்றன. இப்போது பேசப்படுவது கழிவுத்தாளை மீள்சுழற்சி செய்யும் சிறிய உற்பத்தி. மட்டக்களப்பில் பதிப்புத் தொழில் வேலை இழந்தது என்று யாராவது ஒரு காலத்தைக் குறிக்கக் கேட்டால், நான் தொண்ணூறுகளில் வாழைச்சேனையைத்தான் காட்டுவேன்.

அச்சகங்களின் கதை வேறு. அங்கே ஆள் குறைந்தது சத்தமில்லாமல் நடந்தது. ஈய எழுத்துக் காலத்தில் ஒரு சிறிய அச்சகத்துக்கும் இரண்டு மூன்று அச்சுக்கோப்பாளர் தேவை. தமிழில் உயிர்மெய் வரிசை நீளமானது. அதனால் எழுத்துப் பெட்டியின் அறைகளும் அதிகம். அறைகளைப் பாராமலே கை போகும் அளவுக்குப் பழக ஆண்டுகள் பிடிக்கும். அப்படிப் பழகியவரை இன்னோர் அச்சகம் கூடுதல் கூலிக்கு இழுத்துக்கொள்வதும் உண்டு. அதாவது அந்தக் கைத்திறனுக்கு ஒரு சந்தை இருந்தது. மூலப் பிரதியில் ஆசிரியர் விட்ட பிழையை அச்சுக்கோப்பாளரே திருத்திவிடுவார் என்பதால், சம்பளப் பட்டியலில் இல்லாத படி திருத்துநராகவும் அவர் இருந்தார்.

கணினி வந்தபோது அந்த வேலை மறைந்தது. அதன் இடத்தில் பாதி அளவான வேறொரு வேலை வந்தது. பாமினி எழுத்துருவில் வேகமாகத் தட்டச்சுச் செய்யத் தெரிந்த பெண்கள், பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கத் தெரிந்த இளைஞர்கள் அச்சகத்தின் முன் அறைக்கு வந்தார்கள். பின் அறையில் ட்ரெடில் என்ற பழைய அச்சு இயந்திரம் போய் ஓஃப்செட் இயந்திரம் வந்தது. பெண்களுக்கு இது ஒரு வாசலைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈய எழுத்து அச்சகத்தில் பெண்களின் இடம் பெரும்பாலும் தாள் மடிப்பதும் தைப்பதும்தான். கணினி மேசையில் அவர்கள் உள்ளடக்கத்தையே கையாளத் தொடங்கினார்கள். ஆனால் கூலி பக்கக் கணக்கில் வந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு நிரந்தரம் இல்லை. பல இடங்களில் சேமலாப நிதியும் இல்லை. சட்டப்படி சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் செலுத்தப்பட வேண்டும். ‘அவர் நம்மிடம் வேலை பார்ப்பவர் அல்ல, வேலை எடுத்துச் செய்பவர்’ என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு எழாது.

அச்சகத்தைத் தாங்குவது புத்தகம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அதன் முன் மேசையில் அமர்ந்து பார்க்கலாம். திருமண அழைப்பிதழ், பற்றுச்சீட்டுப் புத்தகம், தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம், தனியார் கல்வி நிலையத்தின் வினாத்தாள், சங்கத்தின் கடிதத் தலைப்பு, முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர். இந்த நினைவு மலரைக் கொஞ்சம் மதிப்போடு பேச வேண்டும். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, குடும்ப மரம், தேவாரம், பிள்ளைகளின் கவிதை என்று பதினாறோ இருபத்து நான்கோ பக்கத்தில் அது வரும். உரிய நாள் தவறக் கூடாது. பணம் கையோடு வரும். விற்பனை என்ற தலைவலியே இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் பளபளப்புத் தாள், முழு வண்ணம். தமிழ் எழுத்தாளர் ஒருவர் தம் நாவலுக்காக அச்சகத்தில் காத்திருக்கும் மூன்று மாதத்தில் எத்தனையோ நினைவு மலர்கள் அவரை முந்திக்கொண்டு போகும். அச்சகத்தாரைக் குறை சொல்லி என்ன பயன்? தட்டச்சுக்காரரின் கூலி அதிலிருந்துதான் வருகிறது.

புத்தகம் எங்கே போய் அச்சாகிறது என்பதும் வேலையின் கதைதான். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இந்த மண் தந்த மிகப் பெரிய பதிப்பாசிரியர் என்று சொல்லலாம். ஆனால் அவர் சஞ்சிகைகளுக்கு ஆசிரியராக இருந்தது மயிலாப்பூரிலும் இமயமலைச் சாரலின் மாயாவதியிலும். பண்டைத் தமிழிசை ஆய்வான அவருடைய யாழ் நூலை 1947 இல் வெளியிட்டது தஞ்சாவூரின் கரந்தைத் தமிழ்ச் சங்கம். இப்பகுதியின் வரலாறு சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் 1962 இல் வந்தது கொழும்பிலிருந்து. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இல் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. மூன்றும் இந்த மண்ணின் எழுத்து, பதிப்பு வேலை வேறெங்கோ. இன்றும் பெரிய நூல் என்றால் கொழும்பு, அல்லது சென்னை. தமிழ்நாட்டில் அச்சிட்டால் செலவு குறைவு, நூல்கட்டு நேர்த்தி, அங்குள்ள புத்தகக் கண்காட்சிகளிலும் இடம் கிடைக்கும். எழுத்தாளர் எடுக்கும் இந்த முடிவில் தவறில்லை. ஆனால் அட்டை வடிவமைப்பு, பக்க அமைப்பு, அச்சு, நூல்கட்டு எல்லாவற்றின் கூலியும் கடலைக் கடக்கிறது. மட்டக்களப்புக்கு வந்து சேர்வது பார்சல்.

ஒரு காலம் இதற்கு விலக்காக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் எழுத்துக்குத் திடீரென்று இடம் பிறந்தது. கொழும்பு நாளிதழான வீரகேசரியின் பிரசுரங்கள் மலிவு விலை நாவல்களை வரிசையாக வெளியிட்டன. கிழக்கின் எழுத்தாளர்களும் அந்த வரிசையில் ஏறினார்கள். 1977 இல் கதவு திறந்ததும் அந்த வளர்ச்சி தளர்ந்தது. தடைதான் இலக்கியத்தை வளர்க்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்திலும் பதிப்பு வேலை கொழும்பில்தான் நடந்தது. கிழக்குக்குக் கிடைத்தது எழுத்தாளர் என்ற பெயரும் ஒரு சிறு தொகையும்.

சஞ்சிகைகளைக் கிழக்கு தானே நடத்தியிருக்கிறது. எம். ஏ. நுஃமான் 1960களின் இறுதியில் கல்முனையிலிருந்து கவிஞன் என்ற கவிதை ஏட்டைக் கொண்டுவந்தார். அப்போது அவர் பாடசாலை ஆசிரியர். 2008 இல் மட்டக்களப்பிலிருந்து செங்கதிர் வந்தது, பின்னர் மகுடம் வந்தது; மூன்றாவது கண் உள்ளூர் அறிவுக்கும் கலைகளுக்கும் இடம் கொடுத்தது, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து பெருவெளி. இவற்றின் பின்னால் இருந்தவர்கள் ஆசிரியர்கள், விரிவுரையாளர்கள், அரச உத்தியோகத்தர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் நண்பர்களிடம் விளம்பரம் கேட்டும் சந்தாவுக்குக் கடிதம் எழுதியும் நடத்தினார்கள். ஆகவே இவ்வகை ஏட்டின் ஆயுளை நிர்ணயிப்பது வாசகர் தொகை மட்டுமல்ல. ஆசிரியரின் இடமாற்றம், பதவி உயர்வு, ஓய்வு, உடல்நலம் எல்லாம் அதை நிர்ணயிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் மட்டக்களப்பிலிருந்து வந்த தொண்டன் போன்ற ஏட்டுக்கு ஆசிரியர் மாறினாலும் ஏடு நிற்காது. பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. தனி மனிதரின் ஏட்டில் ஆசிரியர் நின்றால் ஏடும் நின்றுவிடும்.

நூல் வெளியீட்டில் ஏன் ஒரு சம்பளம்கூட எழுவதில்லை என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 300 பிரதி, விலை 600 ரூபா. அணிந்துரை எழுதியவர், விமர்சகர், உதவியவர், உறவினர் என்று 60 பிரதி அன்பளிப்பாகப் போகிறது. மீதி 240 ஐயும் கடைகள் 30 வீதக் கழிவில் எடுத்து, எல்லாவற்றையும் விற்று, பணத்தையும் ஒழுங்காகத் தந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். (இந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதியைப் படித்து வெளியீட்டாளர்கள் சிரிப்பார்கள்.) வருவது 100,800 ரூபா. அச்சகப் பட்டியல் பிரதிக்கு 300 ரூபா வீதம் 90,000 என்றால் கையில் நிற்பது 10,800. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நூலின் முழு மிச்சமும் அதில் பாதிக்குக்கூட வரவில்லை. அந்தப் பணமும் ஒன்றிரண்டு ஆண்டில் சில்லறையாகத்தான் வந்து சேரும். ஆகவேதான் வெளியீட்டு விழா. முதற் பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள், அவர்கள் மேடையில் கொடுக்கும் கடித உறைகள். அச்சுச் செலவு அன்றே தேறிவிடுகிறது. அதற்கு மேல் விற்பனைக்கு ஓடியாட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது, விற்பனையாளர் என்ற வேலையும் பிறக்காமல் போகிறது. விழாவைக் கேலி செய்வது எளிது. நானும் நீண்ட வாழ்த்துரைகளில் நெளிந்தவன்தான். ஆனால் வங்கிக் கடனும் நூலகக் கொள்வனவும் இல்லாத இடத்தில் அதுதான் முதலீட்டுச் சந்தை.

தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை எழுத்தாளருக்கு உதவும் திட்டங்களை நடத்துகிறது, ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தையும் அதுவே வழங்குகிறது. அந்த இலக்கத்தில் இலங்கைக்கு ஒதுக்கப்பட்ட 955 என்ற தொகுதி நிரம்பி, இப்போதைய நூல்களில் 624 என்று காண்கிறோம். தலைப்புகள் பெருகியிருப்பதற்கு அதுவே போதிய சாட்சி.

பணம் உள்ள இடம் ஒன்று இருக்கிறது, இலக்கியக்காரர்கள் அதை எண்ணுவதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைகளுக்கான வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும்தான் அது. பாடநூல் 1980 முதல் இலவசம். அதைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் நாடு முழுவதற்கும் தயாரிக்கிறது, மாகாணத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் பாடநூலுக்குத் துணையாக வரும் நூல்கள் ஆண்டுதோறும் உறுதியாக விற்கும். பெயர் பெற்ற ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டி காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் சாய்ந்தமருதிலும் ஒரே வாரத்தில் கடைக்கு வந்துவிடும். இங்கே தட்டச்சு, வரைபடம், அச்சு, விநியோகம் எல்லாவற்றுக்கும் கூலி உண்டு. நமது மாவட்டங்களில் வெளியீடு வியாபாரமாக நடக்கும் துறை இது ஒன்றுதான் என்பேன்.

பத்திரிகை வேலையில் யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே 1959 இல் ஈழநாடு, 1985 இல் உதயன் என்று ஊரிலேயே பத்திரிகை நிறுவனங்கள் எழுந்தன. ஆகவே உதவி ஆசிரியர், பக்க வடிவமைப்பாளர், இயந்திர இயக்குநர் என்று படிநிலைகளும் அவற்றில் ஏறும் வாய்ப்பும் இருந்தன. மட்டக்களப்பில் போர்க்காலத்தில் தினக்கதிர் என்ற நாளிதழ் வந்தது, நிலைக்கவில்லை. இங்குள்ளவர்களுக்குக் கிடைத்த பதவி பிரதேசச் செய்தியாளர். கொழும்பு நாளிதழுக்குச் செய்தி அனுப்புவார். வெளிவந்த செய்திக்கோ படத்துக்கோ சிறு கொடுப்பனவு. பெரும்பாலும் இன்னொரு தொழிலும் பார்ப்பார். ஊழியர் என்ற பாதுகாப்பு இல்லாமல் ஆபத்து மட்டும் முழுமையாக இருந்த வேலை அது. வீரகேசரிக்கு எழுதிவந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று பல செய்தியாளர்கள் முகநூல் பக்கமும் யூடியூப் அலைவரிசையும் வைத்திருக்கிறார்கள். வேலை திரைக்கு மாறியிருக்கிறது, சம்பளம் மாறவில்லை.

2022 இந்த அமைப்பின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே நேரத்தில் காட்டியது. அந்த ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. தாள், மை, தகடு எல்லாமே இறக்குமதி. கொழும்பில் உபாலி பத்திரிகை நிறுவனம் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளை நிறுத்தியது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. கிழக்கில் வேலை நீக்கம் என்று செய்தி ஆகும்படி எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் நீக்குவதற்கு ஆள் இல்லை. ஏடுகள் ஓர் இதழைத் தள்ளிப்போட்டன, தொகுதிகள் காத்திருந்தன, நினைவு மலர்கள் மெலிந்தன. சம்பளமில்லாத் துறை நெருக்கடியில் உடையாது. அதை ஒரு பெருமையாகச் சிலர் சொல்கிறார்கள். வாழைச்சேனை ஆலை இயங்கியிருந்தால் என்று அந்த மாதங்களில் பேசாதவர் குறைவு. தாளை வெளியிலிருந்து வாங்கிய நாடு வைக்கோலை மறந்துவிட்டது.

புதிதாக வரும் வேலை எது? வீட்டிலிருந்தே பக்கம் அமைத்துக் கொடுப்பது. கனடாவிலோ இலண்டனிலோ உள்ள ஒருவர் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்புவார். அது பெரும்பாலும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றி, மாற்றும்போது சிதறிய எழுத்துகளைச் சரிசெய்து, இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் நூலாக்கி அனுப்ப வேண்டும். இதற்கு நல்ல தமிழும் மென்பொருளும் ஒருங்கே தெரிந்தவர் வேண்டும். நாணய மாற்று இங்கிருப்பவருக்குச் சாதகம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் போன்ற எண்ணிம ஆவணப்படுத்தல், பழைய நூல்களை ஸ்கேன் செய்து பட்டியலிடும் வேலையையும் ஒரு தொழிலாக்கியிருக்கிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் தமிழ் படித்து வெளிவரும் பட்டதாரிகளுக்கு அரச ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. இந்தத் துறையில் அவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் பதிப்புச் செம்மையை ஒரு தொழிற்பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு அந்தச் செம்மை ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் தயவில் நடக்கிறது. அவர்கள் சந்திப் பிழை பார்ப்பார்கள், ஆண்டுகளைச் சரிபார்ப்பார்கள், அத்தியாயத்தை மாற்றி வைக்கச் சொல்வார்கள். நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கும். அச்சகம் கொடுக்கும் விலைக்கூற்றை எடுத்துப் பாருங்கள். தட்டச்சு, பக்க அமைப்பு, அட்டை, தகடு, தாள், அச்சு, நூல்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். செம்மைப்படுத்தலுக்கு வரியே இருக்காது. பக்கத்துக்கு ஐம்பது ரூபா என்றாவது அந்த வரியைச் சேர்க்க வெளியீட்டாளர்கள் தொடங்கினால், அதைச் செய்ய ஆள் வருவார்கள் என்பது என் கணிப்பு. பிரதேச செயலகங்கள் ஆண்டுதோறும் இலக்கிய விழாவுக்கு மலர் வெளியிடுகின்றன. அரச பணத்தில் வரும் அந்த மலர்களிலேயே இதைத் தொடங்கலாம்.